பாவித்த கணினி, புதிய யூ.பீ.எஸ்: ஒரு மறுகணக்கு

இரத்மலானையில் ஒரு சிறு கணக்காய்வு அலுவலகம், கொட்டாஞ்சேனையில் ஒரு பக்க வடிவமைப்பாளர், வெள்ளவத்தை மாடிவீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் இளைஞர். தொழிலுக்குக் கணினி தேடி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கும் இவர்களில் பலர் கடைசியில் ஒரே சோடியோடு வீடு திரும்புகிறார்கள்: வெளிநாட்டு அலுவலகங்களில் சில வருடம் ஓடிக் கழிக்கப்பட்ட 'பிராண்ட் மெஷின்' ஒன்று, 650 வீ.ஏ. யூ.பீ.எஸ் ஒன்று. கொழும்பில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. கணினியைத் தெரிவு செய்வதில் இந்த வழக்கம் புத்திசாலித்தனமானது. மின்சாரத்தைப் பொறுத்தவரை அது ஒரு நம்பிக்கை மட்டுமே.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை ஆயிரக்கணக்கில் கொள்வனவு செய்யும் நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டவை. ஒன்று பழுதானால் முறைப்பாடு ஆயிரமாகும் என்பதால் பவர் சப்ளையிலும் மதர்போர்டிலும் கஞ்சத்தனம் குறைவு. அதே விலைக்குப் புதிதாகப் பொருத்தித் தரும் கணினியில் பணம் கண்ணுக்குத் தெரியும் இடங்களுக்கே போகிறது: புதிய புரொசசர், கண்ணாடிக் கேசிங், வண்ண விளக்கு. மிச்சம் பிடிக்கப்படுவது பவர் சப்ளையில். மலிவான பெட்டியில் 500 வொட் என்று அச்சிட்டிருப்பதை நம்பி வேலையை ஒப்படைப்பது ஆபத்து. ஏனைய பாகங்கள் தனியாகச் சாகும், பவர் சப்ளை போகும்போது பக்கத்தில் உள்ளவற்றையும் கூட்டிக்கொண்டு போகலாம். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியதும், புதிய பிராண்ட் கணினி பலருக்கு எட்டாமல் போனது. பாவித்ததை வாங்கியவர்கள் வறுமையால் மட்டுமன்றி விவேகத்தாலும் வாங்கினார்கள்.

ஆனால் பிராண்ட் ஒரு தாயத்து அல்ல. 2003இலிருந்து 2005 வரை விற்பனையான ஒப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ். 270, 280 வகைகளில் மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்தன. டெல் அதற்காக 30 கோடி டொலரை ஒதுக்க நேர்ந்தது. இன்னொரு குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. இத்தகைய கணினிகள் பலவற்றின் பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய அளவும் இணைப்பும் கொண்டது. பழுதானால் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பெட்டியை மாட்ட முடியாது. மூன்றாவது, காலாவதி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெல் வகையில் விண்டோஸ் 11 கேட்பது பொதுவாக 8ஆம் தலைமுறைப் புரொசசர். வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கை வைத்திருப்பவருக்கு 4ஆம், 6ஆம் தலைமுறைக் கணினி எவ்வளவு உறுதியாக ஓடினாலும் மலிவு அல்ல.

இனி யூ.பீ.எஸ். இங்கே நமக்கு வரும் மின்தொல்லை மூன்று வகை. மூன்றுக்கும் ஒரே பெட்டியை மருந்தாக எதிர்பார்ப்பதுதான் வழக்கத்தின் அடிப்படைப் பிழை.

முதல் வகை திடீர்த் தடை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், இரத்மலானையிலிருந்து காலி வீதியில் தெற்கே இருக்கும் பாணந்துறையில் உபமின் நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கால் நாடு முழுவதும் இருண்டதாக மின்சக்தி அமைச்சர் சொன்னார். 2020 ஓகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டியில் ஏற்பட்ட கோளாறும் நாட்டை இருட்டாக்கியது. முன்னறிவிப்பு இல்லாத இந்த வகைக்கு 650 வீ.ஏ. பெட்டி சரியான பதில். கோப்பைச் சேமித்து, கணினியை முறையாக அணைக்க ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது வகை நீண்ட மின்வெட்டு. எரிபொருளுக்கு டொலர் இல்லாத 2022 மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. இங்கே கணக்கு வேறு. அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈயஅமில பட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வொட்-மணி. கணினியும் திரையும் 85 வொட் இழுத்தால் ஒரு மணித்தியாலம் என்று தோன்றும். ஆனால் 7 அம்பியர்-மணி என்பது இருபது மணித்தியாலத்தில் மெதுவாக வடித்தால் கிடைக்கும் அளவு. வேகமாக உறிஞ்சினால் அதில் பாதிதான் தேறும், மின்மாற்றத்திலும் ஒரு பங்கு போகும். நடைமுறையில் கால் மணியிலிருந்து அரை மணி. அதைவிடக் கேடு, இந்தப் பட்டரி நிரம்பிய நிலையில் காத்திருக்கவே செய்யப்பட்டது. நாளுக்கு இரண்டு தடவை வெறுமையாக்கினால், மறுபடி நிரம்ப ஆறு எட்டு மணித்தியாலம் எடுக்கும் அதற்கு இளைப்பாறவே நேரமில்லை. போதாக்குறைக்கு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை வெப்பமும் அதன் ஆயுளைப் பாதியாக்கும் என்பது பொறியியலாளர்களின் பொதுவிதி. மேசைக்கடியில், காற்றோட்டமில்லாத மூலையில் அதை வைக்கும் நாம் அதன் ஆயுளைக் கடையிலேயே கழித்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது வகைக்குச் செய்தித்தாளில் இடமில்லை, ஆனால் அதுவே அன்றாடம். தொழிற்சாலைகள் நெருங்கிய இரத்மலானை போன்ற இடத்தில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல். வோல்டேஜ் இறக்கத்துக்கு ஏ.வி.ஆர். (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் பகுதி) உள்ள யூ.பீ.எஸ் உதவும். மின்னலுக்கு உதவுவது எர்த். எர்த் இல்லாத மல்டி பிளக்கில் செருகிய யூ.பீ.எஸ்ஸுக்குப் பெயர் மட்டுமே பாதுகாப்பு. செப்புத் தொலைபேசிக் கம்பி இருந்தால் அதன் வழியே ரவுட்டருக்குள்ளும் மின்னல் நுழையும், பைபர் இணைப்பில் அந்த வாசல் இல்லை.

கூரையில் சூரியத் தகடு பூட்டியவர்களிடமும் இதே மயக்கம் உண்டு. சாதாரண இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக வைக்கப்பட்ட விதி அது. பட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இல்லையென்றால் நல்ல வெயிலிலும் கணினி இருட்டில்தான்.

அப்படியானால் இந்த வழக்கத்தைக் கைவிடவேண்டுமா? வேண்டாம், திருத்தினால் போதும். மேசைக் கணினி என்றால் 8ஆம் தலைமுறைக்குக் குறையாத பாவித்த பிராண்ட் மெஷின், ஏ.வி.ஆர். உள்ள யூ.பீ.எஸ், இரண்டு மூன்று வருடத்துக்கொரு புதிய பட்டரி. வாங்கிய அன்றே வேலை ஓடும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பார்க்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்கவேண்டாம், எர்த்தும் அறுந்துவிடும். சில நவீன பவர் சப்ளைகள் மலிவு யூ.பீ.எஸ் தரும் படிக்கட்டு வடிவ மின் அலையை ஏற்காமல் அணைந்துவிடுவது அந்தச் சோதனையில்தான் தெரியும். மணிக்கணக்கில் வேலை நிற்கக்கூடாதவருக்கு மடிக்கணினியே முதல் தெரிவு. மேசைக் கணினி கேட்கும் மின்சாரத்தில் சிறு பங்கே அதற்குப் போதும், பட்டரியும் உள்ளேயே இருக்கிறது. பத்து வொட் அளவில் ஓடும் ரவுட்டருக்கு ஒரு மினி யூ.பீ.எஸ் போதும். கணக்குக் கோப்புகளின் இன்னொரு பிரதி வேறொரு கட்டடத்தில் இருப்பது இவை எல்லாவற்றிலும் மலிவான காப்பு.

ஒரு குறை மட்டும் தனியாள் திருத்தக்கூடியதல்ல. ஒவ்வொரு மேசையும் தனக்கென ஒரு சிறு மின்நிலையம் வாங்கவேண்டியிருப்பது, மின்விநியோகத்தின் தோல்வியைத் தொழில் செய்பவர் தன் சட்டைப்பையிலிருந்து ஈடுசெய்வதுதான். அந்தச் செலவு மின்பட்டியலில் வராது. ஆகவே வேலைக்குக் கூலி சொல்லும்போது பட்டரியின் தேய்மானத்தையும் சேர்த்துச் சொல்லத் தொழில் செய்பவர்கள் பழகவேண்டும். கணக்காளர் நிறைந்த ஊரில் இது கடினமான கணக்கல்ல.