எல்.ஆர். ஈஸ்வரி: மறுவருகை பற்றிச் சில சந்தேகங்கள்

2011இல் வந்த 'ஒஸ்தி' படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடியதை எல்லோரும் மறுவருகை என்றார்கள். இந்தச் சொல்லில் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் வேலை பார்க்கும் அனந்தபுரத்தில் ஆடி வெள்ளிக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே அவர் குரல் தொடங்கிவிடும். பிற்பகல் வரை, வங்கியில் நாங்கள் நோட்டு எண்ணுவதும் அந்தக் குரலின் தாளத்துக்குத்தான். மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்கு அமாவாசை இரவு போகிறவர்களைக் கேட்டால், அவர் எப்போது போனார், திரும்பி வருவதற்கு என்பார்கள். போனது சினிமாதான், அதைக் கேட்டுக்கொண்டிருந்த நாமும்தான்.

இதைச் சொல்ல வேண்டியதன் காரணம், மறுவருகை என்பது ஒரு விமர்சனச் சொல்லாக இல்லாமல் வியாபாரச் சொல்லாக நின்றுவிட்டதுதான். ஒரு முதிய குரலைத் திரும்ப அழைப்பவர்கள் அதனிடம் என்ன கேட்கிறார்கள் என்பதே இங்கே கேள்வி.

ஈஸ்வரியின் இடம் ஆரம்பத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், கோரஸில் பாடிய தாயோடு ஸ்டூடியோவுக்குப் போய், தானும் கோரஸில் தொடங்கியவர். 1961இல் 'பாசமலர்' அவரைப் பிரபலமாக்கியது. அதில் அவர் மணப்பெண் அல்ல, மணப்பெண்ணை அழைக்கும் தோழி. பிறகு சினிமா அவரைப் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே நிறுத்தியது. குடும்பப் பெண்ணின் கண்ணீருக்கு சுசீலா. தோழிக்கும், இலந்தைப் பழம் விற்பவளுக்கும், கிளப்பில் ஆடுகிறவளுக்கும் ஈஸ்வரி. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை விதியை மாற்றவில்லை. தமிழ்ப் பெண்ணின் குரலை இப்படி இரண்டாக வகிர்ந்ததில், உடம்பு முழுவதும் ஈஸ்வரியின் பங்குக்கு வந்தது. 'சிவந்த மண்' (1969) படத்தில் சவுக்கடிக்கு நடுவே அவர் பாடியதைக் கேளுங்கள். மூச்சிரைப்பும் வலியும் அங்கே பாட்டின் மேல் ஒட்டவைத்த அலங்காரங்கள் அல்ல. ஸ்வரங்களைப் போலவே பாட்டின் உறுப்புகள்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் 'சோல்' இசையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே தேவாலயத்தில் கற்ற கூவலையும் கேவலையும் காதல் பாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பாவம் என்று சொன்ன பக்தர்களும் இருந்தார்கள். ஈஸ்வரி நடந்தது எதிர்த்திசையில். கிளப் நடனத்தில் பழகிய மூச்சையும் சீண்டலையும் அவர் அம்மன் சந்நிதிக்குக் கொண்டுபோனார். திரைவாய்ப்புகள் குறைந்த பிறகும் இசைத்தட்டிலும் காசெட்டிலும் அவருடைய அம்மன் பாடல்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. கல்யாண வீட்டில் தோழியாக ஓரத்தில் நின்ற குரலே இங்கே தேவியை நேருக்கு நேர் அதட்டிக் கூப்பிடுகிறது. பம்பையும் உடுக்கையும் செய்துவந்த வேலையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. இதைப் பாவம் என்று எந்தக் கிராமமும் சொன்னதாகத் தெரியவில்லை.

இப்போது மறுவருகைக்கு வருவோம். சோல் பாடகர் சாலமன் பர்க் 2002இல் 'டோண்ட் கிவ் அப் ஆன் மீ' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது அறுபதைத் தாண்டியிருந்தார். பாப் டிலன், டாம் வெய்ட்ஸ், வான் மாரிசன் போன்றவர்கள் பாட்டுக் கொடுத்தார்கள். தயாரிப்பாளர் ஜோ ஹென்றி வாத்தியங்களைக் குறைத்து, குரலைச் சுற்றிக் காலியிடம் விட்டார். அந்த இடத்தில் முதுமை கேட்கிறது. தளர்ந்த சுருதியும் தாமதமாக வரும் சொல்லும் அந்த ஆல்பத்தில் குறைகளாக இல்லை. அவையே அதன் பொருள்.

நாம் செய்தது என்ன? 70ஐக் கடந்தவரை அழைத்து, 'தபங்' என்ற இந்திப் படத்தின் மறு ஆக்கத்தில் ஒரு குத்துப்பாட்டைக் கொடுத்தோம். அவர் குரல் அதில் வெற்றி பெறுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அது நாற்பது வருஷத்துக்கு முந்திய ஈஸ்வரியின் கையெழுத்து. மறுபடியும் கிளப் வாசலில்தான் நிறுத்தினோம். 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படம் இன்னும் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டது. 80 வயதில் அவரை ஆடி மாதத்துக்காகப் பாடச் சொன்னது. அங்கும் தாளம் விடாமல் துரத்துகிறது. ஒரு கிழவி மூச்சு வாங்கும் இடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. சவுக்கடிக்கு நடுவே மூச்சை இசையாக்கியவருக்கு, மூச்சே சொத்தாகிவிட்ட வயதில், மெதுவான பாட்டு ஒன்றை இந்த இரண்டு படங்களும் தரவில்லை.

இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் நண்பன் ஒருவன் தயவால் பர்க்கின் ஆல்பத்தைக் கேட்டேன். அந்தக் கரகரப்பில் மானுட துக்கத்தைக் கண்டுபிடித்து நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதினேன். அதே ஆடியில், படிக்க முடியவில்லை என்று தெருமுனை ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி ரேடியோ செட்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "ஆத்தா எறங்குற நேரம் தம்பி. இப்போ நிறுத்தினா ஆடறவங்க பாதியில நின்னுடுவாங்க" என்றார். கோயில் முன்னால் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தலைமுடி அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் ஈஸ்வரி. நான் வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

கடல் தாண்டி வந்ததால் ஒரு குரலில் ஆன்மாவைக் கேட்டதும், தெருமுனையிலிருந்து வந்ததால் இன்னொன்றில் வெறும் இரைச்சலைக் கேட்டதும் ரசனைக் குறைவு மட்டுமல்ல. யாருடைய துக்கத்தைக் கலை என்று ஒப்புக்கொள்வது என்பதில் நான் கற்ற கல்வி எனக்குத் தந்த பாரபட்சம் அது. அந்தப் பாரபட்சம் விலகாதவரை, ஈஸ்வரிக்கு எப்படிப்பட்ட பாட்டைக் கொடுத்திருக்க வேண்டும் என்று சினிமாக்காரர்களுக்குச் சொல்ல எனக்கு அதிக யோக்கியதை இல்லை. இந்த ஆடியில் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.