அச்சம் மட்டுமா குற்றவாளி?

1956இல் வெளிவந்த ‘பத்துக் கட்டளைகள்’ படத்தில், கொலை செய்யாதே எனும் கட்டளை பொறித்த கற்பலகையை ஏந்தி மோசேயாக நின்றவர் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன். பின்னாளில் அவர் கை ஏந்தியதோ துப்பாக்கி! 1998 முதல் 2003 வரை அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் தலைவராக வீற்றிருந்தார் அவர். அந்தச் சங்கத்தின் செல்வாக்கை அசைக்கப் புறப்பட்ட படம், மைக்கேல் மூர் 2002இல் தந்த ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’. ஆவணப் படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் அது 2003இல் பெற்றது.

1999 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் சுட்டதில், 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். ஏடேந்த வேண்டிய கையில் கொலைக்கருவி ஏறியது எங்ஙனம்? இதுவே படம் எழுப்பும் வினா.

உடலில் குண்டு தாங்கிய இரு மாணவர்களை அழைத்துக்கொண்டு, கே-மார்ட் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் செல்கிறார் மூர். கொலைகாரர்கள் தோட்டா வாங்கியது அந்நிறுவனத்தின் கடையில்தான். கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை 90 நாட்களில் நிறுத்துவோம் என நிறுவனம் இறங்கி வருகிறது. நூறு மேடை முழக்கங்கள் செய்யாததைக் குண்டு துளைத்த இரு உடல்கள் செய்தன. படத்தின் சிகரம் இக்காட்சியே!

ஆனால் படம் வழங்கும் தீர்ப்பு? கனடாவிலும் துப்பாக்கி உண்டு, கொலையோ குறைவு. ஆகவே அமெரிக்கனைச் சுடத் தூண்டுவது அச்சம். அதிலும் கறுப்பின மக்களைப் பற்றி அவனுக்கு ஊட்டப்பட்ட அச்சம் என்கிறது. உண்மைதான். ஆனால் முழு உண்மையன்று.

கனடாவில் 1934 முதலே கைத்துப்பாக்கியைப் பதிவு செய்தாக வேண்டும். 1989இல் மாண்ட்ரியல் பொறியியற் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக, துப்பாக்கி வைத்திருப்போர் யாவருக்கும் உரிமம் கட்டாயம் எனும் சட்டம் 1995இல் பிறந்தது. கதவைப் பூட்டாத கனடியனைக் காட்டும் படம், அவன் சட்டைப் பையிலுள்ள உரிமத்துக்கு உரிய இடம் தரவில்லை!

கொலம்பைனில் முழங்கிய துப்பாக்கிகளில் மூன்று, துப்பாக்கிச் சந்தையில் 18 வயதுத் தோழி ஒருத்தி வாங்கித் தந்தவை. விற்றோர் தனி ஆட்கள். ஆகவே வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. அங்கே வழிவிட்டது அச்சமா? அன்று, சட்டத்தின் ஓட்டை! 2000 நவம்பரில் கொலராடோ மக்களே வாக்களித்து அந்த ஓட்டையை அடைத்தனர். அச்சம் நீங்கும் நாள்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

சட்டத்தைத் தொடலாகாது என்போர், அரசியல் சட்டத்தின், 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாவது திருத்தத்தை மறையெனப் போற்றுகின்றனர். துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமையே என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது மெய். அந்த உரிமை எல்லையற்றதன்று எனவும் அதே தீர்ப்பு கூறிற்றே! மேலும், ‘திருத்தம்’ என்ற பெயரே சொல்கிறது, அது மனிதர் எழுதியது, மனிதர் மாற்றத் தக்கது என்று.

அச்சத்தை அகற்ற ஒரு தலைமுறை ஆகலாம். சட்டத்தின் ஓட்டையை அடைக்க ஒரு வாக்கெடுப்பு போதும். முன்னதை மூர் அழகுறச் சொன்னார். பின்னதைக் கொலராடோ மக்கள் செய்து காட்டினர். படத்தைப் பாருங்கள், பாடத்தை அம்மக்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்!