நாய்க்குச் சமைக்கும் கை

அலாஸ்காவின் யூக்கான் ஆற்றங்கரையில், சறுக்குவண்டி நாய்களின் குளிர்காலச் சாப்பாட்டு வேலை கோடையிலேயே தொடங்கிவிடும். ஆற்றில் ஏறிவரும் சால்மனைப் பிளந்து கம்புப் பரணில் காயப்போடுவார்கள். நாய்களுக்கோ அது ஓய்வுக்காலம், தீனியும் அளவோடுதான். இலையுதிர்காலப் பயிற்சி தொடங்கியதும் தீனியில் கொழுப்பு கூடும்.

நடுக்குளிரில் பெரிய பீப்பாயில் மீனும் அரிசியும் கொழுப்பும் சேர்ந்து கொதிக்கும். இடிட்டராட் போன்ற நெடும்பந்தயத்தில், 25 கிலோகூடத் தேறாத நாய் ஒரு நாளில் சுமார் 10,000 கலோரி எரிக்கிறதாம். நமக்கெல்லாம் நாலைந்து நாள் சாப்பாடு!

எனக்குப் பிடித்தது தண்ணீர் காட்டும் சூட்சுமம். கடுங்குளிரில் வெறுந்தண்ணீரை வைத்தால் பல நாய்கள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடம்பில் நீர் வற்றினால் ஓட்டம் படுத்துவிடும். அதனால் வெந்நீரில் மீனோ இறைச்சியோ துண்டு போட்டு வைக்கிறார்கள். துண்டைத் தேடி நக்க ஆரம்பித்த நாய் கிண்ணத்தையே காலி செய்துவிடும். நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிற அதே கெட்டிக்காரத்தனம்.

2021இல் யூக்கானில் ‘சம்’ என்ற வகைச் சால்மனின் வரத்து சரிந்தது; மீன்பிடிக்கவும் தடை வந்தது. சாலையில்லாத ஊர்களுக்கு மூட்டைத்தீனி விமானத்தில் வரவேண்டும், விலை கட்டாது. சிலர் நாய்களையே குறைத்துக்கொண்டார்கள்.