இடம்பெயர்ந்த பாறை

கனடாவின் ஆல்பர்ட்டா புல்வெளியில், ஒகோடோக்ஸ் ஊருக்கு மேற்கே, ஏறத்தாழ 16,500 டன் பாறை ஒன்று நடுவே பிளந்து கிடக்கிறது. தனக்குக் கொடுத்த போர்வையைத் திரும்பப் பறித்துக்கொண்ட நாப்பி என்னும் தந்திரக்காரனை அது உருண்டு துரத்தியது, வௌவால்கள் மோதி உடைத்தன என்பது பிளாக்ஃபுட் மக்களின் கதை. ராக்கி மலையிலிருந்து சரிந்து விழுந்ததைப் பனியாறு சுமந்து வந்தது என்கிறது புவியியல். அப்படியானால் கதை வெறும் கற்பனைதானே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுற்றிலும் புல்லும் மண்ணும்தான். இளஞ்சிவப்புச் சாயலுள்ள இந்தக் குவார்ட்சைட் அந்த நிலத்தோடு ஒட்டவே இல்லை. வேறிடத்திலிருந்து நகர்ந்து வந்த கல், ஒன்றாக இருந்து உடைந்த கல் என்று கண்ணால் பார்த்தே ஊகித்தவர்கள் சொன்ன கதை அது. எவ்வளவு கூர்மையான பார்வை! பாறையில் செங்காவி ஓவியங்கள் மங்கலாக இன்னும் தெரிகின்றன. ஊரின் பெயரும் பாறையைக் குறிக்கும் பிளாக்ஃபுட் சொல்லிலிருந்து வந்ததுதான்.