முன்னால், பின்னால்

அக்கா மகளுக்குத் தை மாசம் கல்யாணம். முகத்துக்கு லேசர், அப்புறம் கெமிக்கல் பீல் என்று ஒரு ‘பிரைடல் பேக்கேஜ்’ பார்த்து வைத்திருக்கிறாள். கிளினிக்காரர்கள் கொடுத்த வழவழ புத்தகத்தை நீட்டி, ‘‘நீங்கதான் எதைப் பாத்தாலும் நொட்டை சொல்வீங்களே மாமா, இதைப் படிங்க’’ என்றாள்.

படித்தேன். எட்டுப் பக்கம்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கம்பெனி ஆண்டறிக்கை வந்தால் சேர்மன் உரையைத் தொடமாட்டான். நேரே கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துக்குப் போவான். வில்லங்கம் அங்கேதான் இருக்கும். இதில் கடைசிப் பக்கத்தில் இருந்தது, இ.எம்.ஐ. வசதி!

நடுப்பக்கம் முழுக்க ‘முன்னால்’, ‘பின்னால்’ போட்டோக்கள். ‘முன்னால்’ பெண் அழுமூஞ்சியாக, மங்கலான வெளிச்சத்தில் நிற்கிறாள். ‘பின்னால்’ பெண் லிப்ஸ்டிக் போட்டுச் சிரிக்கிறாள். அந்த வெளிச்சத்தில் நான்கூட அழகன்தான். இரண்டிலும் இருப்பவர் வெள்ளைக்காரி.

இதுதான் எனக்கு உறுத்தியது. முடி நீக்கும் லேசர் தேடிப் போவது மெலனின் என்கிற கறுப்பு நிறமியை. முடியின் வேரில் இருக்கும் நிறமி சூடாகி, வேர் கருகுகிறது. நம் மாதிரி ஆட்களுக்குத் தோலிலும் நிறமி நிறைய. சரியான கருவி, சரியான அளவு இல்லையென்றால் சூடு தோலுக்கும்தான். கொப்புளம் வரலாம், ஆறிய பிறகு அந்த இடம் கறுத்து, மாசக்கணக்கில் நிற்கலாம். அதனால்தான் 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் கறுத்த தோலுக்குப் பத்திரமானது என்கிறார்கள்.

1975-ல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்க டாக்டர், ‘வெயிலில் நின்றால் உன் தோல் சிவக்குமா, கறுக்குமா?’ என்று கேட்டுத் தோலை வகை பிரித்தார். பிற்பாடு அது ஆறு வகையானது. நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து. அதே 1975-ல்தான் இங்கே ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. நாம் எதை வாங்கினோம் என்று சொல்ல வேண்டுமா? அந்த ‘ஃபேர்’ உதிர 2020 ஆயிற்று.

சரி, வருவதற்கு முன் செய்ய வேண்டியது? எட்டுப் பக்கத்தில் ஒரே வரி: ‘சுத்தமான முகத்துடன் வரவும்.’

முடிக்கு லேசர் என்றால் சில வாரங்களுக்கு வாக்ஸிங், த்ரெட்டிங் கூடாது. வேரையே பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? ஷேவ் செய்யலாம். வெயிலில் கறுத்திருந்தால் தள்ளிப்போட வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, ராத்திரி ரெட்டினாய்டு க்ரீம், உதட்டோரம் அடிக்கடி வரும் அக்கி, தழும்பு தடித்து வளரும் உடம்புவாகு, கர்ப்பம்... எல்லாம் சொல்லியாக வேண்டும். முதலில் காதோரம் சின்ன இடத்தில் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேட்க வேண்டும். மெஷினைப் பிடிக்கப்போவது தோல் டாக்டரா, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணா என்றும் கேட்க வேண்டும்.

‘‘நீ முகத்துக்கு என்னம்மா போடறே?’’

‘‘பார்லர் அக்கா குடுத்த க்ரீம் மாமா. ஆறு மாசமா.’’

டியூபைத் திருப்பினேன். பொடி எழுத்தில் மொமெட்டசோன். ஸ்டீராய்டு! 2018-லேயே பதினான்கு வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றாக்கிவிட்டது அரசு. தோலை மெலிய வைக்கும் சமாச்சாரம். அதன்மேல் பீல் போட்டால்? எட்டுப் பக்கப் புத்தகம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

கிளினிக்குக்கு போன் போட்டாள். ‘‘டெஸ்ட் பண்ணிப் பாப்பீங்களா?’’

‘‘மேடம், நாளைக்குள்ள புக் பண்ணா இருபது பர்சென்ட் ஆஃப்.’’

போனை வைத்துவிட்டாள். டியூபை எடுத்துக்கொண்டு இப்போது தோல் டாக்டரிடம் போயிருக்கிறாள்.

புத்தகம் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. அந்த ‘முன்னால்’ போட்டோவை மறுபடி பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு என்ன குறை? கொஞ்சம் சிரித்திருக்கலாம், அவ்வளவுதான்.