அந்த மனிதன் யார்?
‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலும் அதன் வாசகரும்

தமிழ் நாவல்களுள் வாசகரை இரு கூறாகப் பிரித்தவற்றை எண்ணினால், சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ முன்வரிசையில் நிற்கும். 1981-ஆம் ஆண்டு க்ரியா வெளியீடாக வந்த இந்நூலின் நாயகன் ஜோசஃப் ஜேம்ஸ் என்னும் கற்பனையான மலையாள எழுத்தாளன், கால்பந்தாட்டக்காரன். 1960 ஜனவரி 4-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு சாலை விபத்தில் மாண்டார். அதற்கு மறுநாள் ஜே.ஜே. தன் முப்பத்தொன்பதாம் வயதில் இறந்ததாக நாவல் தொடங்குகிறது. காம்யுவும் இளமையில் கால்பந்தாடியவரே.

இதில் தொடர்ச்சியான கதை இல்லை. முற்பகுதியில் பாலு என்னும் தமிழ் எழுத்தாளன் ஜே.ஜே.யைப் பற்றித் திரட்டிய செய்திகளும் நினைவுகளும் உள்ளன, பிற்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. வாழாத ஒருவனுக்கு மெய்யான வாழ்க்கை வரலாறு எழுதியதுபோல் நூல் அமைந்துள்ளது.

இதனை எதிர்கொண்ட வாசகர் எழுப்பிய வினாக்கள் பெரும்பாலும் மூன்றாம். கதையில்லாத இது நாவல்தானா என்பது முதல் வினா. இது யாரைத் தாக்குகிறது என்பது இரண்டாவது. கல்கியின் சிவகாமி தன் சபதத்தை முடித்துவிட்டாளா என்று ஜே.ஜே. பாலுவிடம் கேட்கும் ஏளனம் தமிழ் வாசகர் பலரைப் புண்படுத்தியது. முற்போக்கு எழுத்தாளரைப் பழிக்கிறது என்று இடதுசாரி வாசகர் சிலரும் சினந்தனர். ஜே.ஜே. உண்மையில் யார் என்பது மூன்றாவது. 1960-இல் மறைந்த மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸே அவன் என்று பலர் ஊகித்தனர்.

இம்மூன்றாம் வினாவை ஆராய்வது நமக்குப் பயன் தரும். சி.ஜே. தாமஸ் எழுதிய நாடகங்களுள் ஒன்று ‘ஆ மனுஷ்யன் நீ தன்னே’. ‘அந்த மனிதன் நீதான்’ என்பது அதன் பொருள். தாவீது, பத்சேபாள் வரலாறே அதன் கரு. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைக் கவர்ந்த செல்வனின் கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னபோது, தாவீது கோபமூண்டு அச்செல்வன்மீது தீர்ப்புரைத்தான். குற்றவாளியை வெளியே தேடியவனுக்கு, அவன் தானே என்பது பின்னரே விளங்கியது. இந்நாவலின் வாசகரும் ஏறக்குறைய அவ்வாறே நடந்துகொண்டனர். ஜே.ஜே. யார், ஏளனத்திற்குள்ளானவர் யார் என்று தேடிய அளவுக்கு, அக்குற்றச்சாட்டு தம்மைச் சேருமோ என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்குற்றச்சாட்டு யாது? கேட்போர் விரும்புவதையே எழுதி, அவர்தம் கைதட்டலை உண்மையெனக் கொள்வது. இது எழுத்தாளர்க்கு மட்டும் உரியதன்று. வாரந்தோறும் பிரசங்க பீடத்தில் நிற்கும் நாம், சபையார் முன்பே ஒப்புக்கொண்டவற்றையே இனிய சொற்களில் திரும்பச் சொல்லி, ஆராதனை முடிந்தபின் வாசலில் கிடைக்கும் பாராட்டோடு வீடு திரும்புவதில்லையா? ஜே.ஜே. நம் ஆலயத்தில் அமர்ந்து அருளுரை கேட்டிருப்பின் நாட்குறிப்பில் என்ன எழுதியிருப்பான் என்று எண்ணுவது நமக்கு நல்லது.

எனினும் நாவலைக் குறைகாணாது ஏற்பதும் முறையாகாது. ஜே.ஜே.யின் உண்மை வேட்கையில் கிருபைக்கு இடம் குறைவு. தவறியவனை அவன் தோலுரிக்கிறான், தூக்கி நிறுத்துவதில்லை. நாத்தானோ குற்றத்தை உணர்த்திய பின் தாவீதை விட்டகலவில்லை. மன்னிப்பின் செய்தியையும் அவனே உரைத்தான். மேலும், நாத்தான் சொன்னது எவர்க்கும் விளங்கும் எளிய கதை. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனார் பசுமலையில் இறையியற் கல்வியைத் தொடங்கினர். அங்குப் பயின்று சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்றோர், எழுத்தறியாதவர்க்கும் விளங்கப் பேச வேண்டியிருந்தது. ஆதலால் ‘விளங்கவில்லை’ என்ற வாசகரின் முறையீட்டைச் சோம்பல் என்று தள்ளிவிட இயலாது. அதில் நியாயமும் உண்டு.

ஆயினும் எளிமை வேறு, இச்சகம் வேறு. எளிமை கேட்பவனை மதித்து அவன் உள்ளத்தை அடைகிறது. இச்சகம் அவனை உறங்கவிடுகிறது. கரடுமுரடான வடிவில் எழுதிய சுந்தர ராமசாமி, இந்த உறக்கத்தையே கலைக்க முயன்றார். நூல் நமக்குப் பிடித்ததா என்பதைவிட, அதை மூடிவைத்தபின் எழுதும் அடுத்த அருளுரையில் நாம் எதை மாற்றினோம் என்பதே நம்முன் நிற்கும் வினா.