காட்சியும் கருதலும்: ஹக்ஸ்லியின் மெஸ்கலின் நூல்

ஆங்கில நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘காட்சியின் கதவுகள்’ என்னும் சிறுநூல், உளநிலையை மாற்றும் மருந்தொன்றைத் தாமே உண்டு, தாம் உற்றதை எடுத்துரைப்பது. இதனைப் போற்றினோரும் இகழ்ந்தோரும் பெரும்பாலும் மருந்தின் நன்மை தீமையையே வழக்காடினர். நூலை நூலாக நோக்கினார் சிலரே. தான் ஒருவனே கண்டதை உலகிற்கு உரைக்கும் எழுத்தாளனுக்குரிய பொறுப்பு யாது, ஹக்ஸ்லி அதனை எத்துணை நிறைவேற்றினார் என்பதே ஈண்டு எம் ஆய்வு.

இவ்வினாவை எம்முன் வைத்தவர் முதுகலை மாணவர் ஒருவர். ஒப்பிலக்கிய வகுப்பில் இந்நூலைப் பாடஞ் சொல்லி முடித்த மாலை எம் அறைக்கு வந்து, “ஐயா, பெரும்பாலோர்க்கு இம்மருந்து தீங்கற்றது என்று ஆசிரியர் எழுதுகின்றாரே, நம்பலாமா?” என்றார். அவர்தம் தமையனார் உளநோய்க்கு மருத்துவம் பெற்று வருபவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அஃது இலக்கியத்திற்குப் புறம்பான வினா என்று அன்று விடையிறுத்தோம். அவ்விடை பிழையே.

யாம் மெஸ்கலினை உண்டதில்லை. உண்ணாதார் இந்நூலைத் திறனாயலாகாது என்பாரும் உளர். ஆயின் சான்றுரை என்பது உடனிராதார்க்கே உரைக்கப்படுவது; அதனை அளக்கும் உரிமையும் அவர்க்கே மிகுதி.

1953ஆம் ஆண்டு மே மாதத்துக் காலையொன்றில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துத் தம் இல்லத்தில், பத்தில் நான்கு கிராம் மெஸ்கலினை அரைக் குவளை நீரிற் கரைத்து ஹக்ஸ்லி பருகினார். பெயோட்டி என்னும் முள்ளற்ற சிறு கள்ளியில் உள்ள வேதிப்பொருள் அது. மருந்தளித்து உடனிருந்தவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்னும் உளநோய் மருத்துவர். ‘சைக்கடெலிக்’ என்னும் சொல்லைப் பின்னர் ஆக்கியவரும் இவரே. ஹக்ஸ்லியைப் பித்தராக்கிய மனிதன் என்னும் பெயர் தமக்கு வந்துவிடுமோ என்று தாம் அன்று தயங்கியதைப் பிற்காலத்தே ஆஸ்மண்ட் குறித்துள்ளார். அத்தயக்கத்தையும் நூலுடன் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

சைவ நூலார் அளவைகளுள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனைத் தலைமையாகக் கொள்வர். காட்சியுள்ளும் ஐயமும் திரிபும் விரவும் என்பர். அவ்வளவை கொண்டு நோக்கின் இந்நூல் இரு கூறாதல் காணலாம்.

காட்சிக் கூறு சிறப்புடையது. கண்ணை மூடினால் விந்தை உருவங்கள் தோன்றும் என ஹக்ஸ்லி எதிர்பார்த்தார்; அவ்வாறு பெரிதும் தோன்றவில்லை. தாம் இயல்பாகவே மனத்தில் உருக்காணும் ஆற்றல் குன்றியவர் என்றும் ஒப்புகின்றார். எதிர்பார்த்தது வாராமையை மறையாது கூறல் சான்றாளனின் முதற்கடன். அவர்க்குக் கிட்டியது வேறு: குவளையில் இருந்த மூன்று மலர்கள், நாற்காலியின் கால்கள், தம் காற்சட்டையின் மடிப்புகள். 1911ஆம் ஆண்டில், பதினாறு வயதில், கண்ணோயுற்றுப் பார்வை பெரிதும் இழந்து, பின்னும் குறைபார்வையுடனே வாழ்ந்தவர் அவர். அத்தகையார் ஒரு துணிமடிப்பின் முன் நின்று வியக்கும் பக்கங்களை மருந்தின் புகழ்ச்சி எனப் படித்தலினும் பார்வையின் புகழ்ச்சி எனப் படித்தலே தகும்.

தமக்கு மாறானதையும் அவர் உரைக்கின்றார். அறையில் இருந்தோரின் கண்களை நேர்நோக்காது தாம் விலகியதையும், அந்நிலையில் செயலுக்கும் பிறர்பால் கொள்ளும் அக்கறைக்கும் இடமின்மையையும் சுட்டுகின்றார். தோட்டத்தில் வெயிலும் நிழலும் படிந்த நாற்காலி ஒன்று தாங்கொணா அச்சமாக மாறிய இடம் நூலின் உச்சம். பித்தின் விளிம்பை அவர் அங்கே தொட்டு மீள்கின்றார்.

கருதற் கூறோ வலியற்றது. மூளை பேரறிவைச் சுருக்கித் தரும் அடைப்பு என்னும் கொள்கையைப் பெர்க்சன் வழிநின்று விரித்து, ஓர் உடல் ஒரு பகல் உற்றதிலிருந்து மாந்தர் அனைவர்க்கும் முடிபு கூறுகின்றார். மெஸ்கலின் பெரும்பாலோர்க்குத் தீங்கற்றது என்னும் கூற்று இங்கே வருகின்றது. அண்மையில் மஞ்சட்காமாலை உற்றோர், மீள மீளச் சோர்வுறுவோர், நீங்காக் கவலையுடையோர் ஆகியோர்க்கே அது நரகமாகும் என்பதும் இங்கேதான். விரிக்க வேண்டிய இதனை ஒரு தொடரில் அடக்கிவிட்டார். மடிப்புகளுக்கோ பக்கங்கள் தந்தார். இவ்வளவுப் பிழை நடைக்குற்றம் மட்டும் அன்று.

ஏனையோரை ஒப்புநோக்கின் இது தெளிவாகும். 1957இல் இந்நூலை மறுத்த ஆர். சி. செய்னர், தாமும் மெஸ்கலினை உண்டு, தமக்கு நகைப்பே விளைந்தது என எழுதினார். மறுப்போன் சோதித்துப் பார்த்தது பாராட்டிற்குரியது. பிரெஞ்சுக் கவிஞர் ஆன்றி மிஷோ, அளவைத் தவறாகக் கணித்துப் பன்மடங்கு உண்டு பட்ட பாட்டைத் தம் 1956ஆம் ஆண்டு நூலில் ஒளியாது உரைத்தார்.

ஹக்ஸ்லி தம் குறையைத் திருத்தியது 1962ஆம் ஆண்டு வெளிவந்த ‘தீவு’ என்னும் நாவலில். 1932ஆம் ஆண்டு நாவலில் ‘சோமா’ கவலை மறக்க எளிதில் விழுங்கும் வில்லை. ‘தீவி’லோ ‘மோட்ச மருந்து’ மலையேற்றப் பயிற்சிக்குப் பின், மூத்தோர் உடனிருக்க, சிவன் கோயிலில் ஆடல்வல்லான் திருவுருவின் முன் இளையோர்க்கு அளிக்கப்படுகின்றது. இறுதியில் அதனை உண்ணும் ஃபார்னபி முதலில் பேரின்பமும் பின் பூச்சிகளின் கொடுமையும் காண்கின்றான். சுசீலா என்பாள் உடனிருந்து அவனை மீட்கின்றாள். சான்றுரையில் ஒரு தொடர் பெற்ற அச்சத்திற்குப் புனைவில் உரிய இடம் கிடைத்தது. கலைத்திறத்தில் ‘தீவு’ தளர்ந்த நாவலே; பொறுப்பில் முன்னூலினும் மேம்பட்டது.

இன்று நிலை வேறு. 1971ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை மெஸ்கலினைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தடுக்கின்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட காப்பு நெறிகள், உளப்பிறழ்வு தம்மிடமோ நெருங்கிய குருதியுறவினரிடமோ உள்ளவரை ஆய்விற் சேர்க்கலாகாது என்கின்றன. தமையன் பற்றிய குறிப்பு ஹக்ஸ்லியின் அத்தொடரில் இல்லை.

இவ்வாண்டு அம்மாணவரை மீண்டும் அழைத்து, பிழையை ஒப்பி, அத்தொடர் உள்ள பக்கத்தைத் திறந்து காட்டினோம். அவர் தம் படியை எடுத்துக் காட்டினார். அவ்வரியின் கீழ்ப் பென்சிற்கோடு முன்னரே இருந்தது.